ஊர் அறிந்த குரல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனார் கடிதம் போடுகிறாள் என்றதும் ஏதோ வம்பு என்று பயந்துவிடாதீர்கள். வம்புதான், ஆனால் நம் வீட்டு வம்பு இல்லை. ஒரு வாரமாக உங்களுக்குப் போன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் எடுக்கிறார். "அண்ணி குளிக்கிறா" என்கிறார், "அண்ணி தூங்குறா" என்கிறார். இவ்வளவு குளித்தால் சளி பிடிக்காதா? புது வீட்டு முகவரியையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன தடவை நான் கிளம்பும்போது சாப்பாடு கட்டிக் கொடுத்தீர்களே, அந்தப் பையில் நீங்கள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முகவரி அச்சடித்திருந்தது. அதை நம்பித்தான் அனுப்புகிறேன்.

நம் சினிமா ஹீரோ, அந்தச் சிங்கக்குரலின் லட்சணம் தெரிந்துவிட்டதா? எங்கள் டயாலிசிஸ் வார்டில் நோயாளிகளை மெஷினோடு குழாய் போட்டு மணிக்கணக்கில் படுக்க வைத்திருப்போம். அவர்களுக்கு டிவிதான் துணை. இத்தனை நாளும் அவன் படத்தைப் போடு, போடு என்று என் உயிரை எடுத்தவர்கள், இப்போது வெளியே கசிந்த அந்த ஒலிப்பதிவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெண் அழுகிற சத்தம் முதலில் வருகிறது. பிறகு அவன். "கதவைச் சாத்தியாச்சு. நீ கத்தினாலும் வெளியில யாருக்கும் கேட்காது. சொன்னதைக் கேட்டா உனக்கு நல்லது." பூட்டு விளம்பரத்தில் "பூட்டியாச்சா? இனிமே பயமில்லை. நான் இருக்கேன்" என்று வீட்டுக்கு வீடு தைரியம் சொன்னானே, அதே குரல். 

யாரோ புகார் கொடுத்திருக்கிறாளாம், பெயர் வெளியே வரவில்லை. இதில் பெயர் எதற்கு? நேற்று அவன் தன் வீட்டு வாசலுக்கு வந்து நிருபர்களிடம் பேசினான். எந்த மேடையிலும் கையைக் கூப்பிவிட்டுப் போகிறவன், அடக்கமான பிள்ளை என்று நாமெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தோமே, அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். கீச்சுக் குரல், அண்ணி. "அது என் குரல் இல்லைங்க, நம்புங்க" என்றான். வார்டே சிரித்தது. குரலை மாற்றி நடிக்கிறான் பாருங்கள், அங்கேயும் நடிப்பு. மேனேஜர் வந்து உள்ளே இழுத்துப் போனார். கடைசிக் கட்டில் தாத்தா, "நாலு சாத்து சாத்தினா சிங்கம் தானா வெளிய வரும்" என்றார். நானும் சிரித்தேன்.

ஆத்திரம் தாங்காமல் அவன் படத்தைப் போட்டு நான்கு வரி எழுதி இணையத்தில் வெளியிட்டேன். 'ஆதாரம் ஆதாரம் என்று கத்துகிறவர்களே, குரலே இருக்கிறது, இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?' என்று. யார் யாரோ எடுத்துப் பகிர்ந்து, ஒரு செய்திச் சானலில்கூட வாசித்துவிட்டார்கள். வார்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள். கார்ட்டூன் கரடிக்கும் குரங்குக்கும் குரல் கொடுக்கிறவர் என்றாலும், அவன் வந்து போகிற அதே ஸ்டூடியோவில்தானே இருக்கிறார், அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பெண் யார், எப்படி இருக்கிறாள்? அவளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

குட்டி

*

மார்ச் 9

குட்டிக்கு,

உன் கடிதம் கடைக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. இனியும் இங்கேயே எழுது. வீட்டு முகவரி உனக்கு வேண்டாம். போனிலும் இந்தப் பேச்சை எடுக்காதே. என் போனில் சார்ஜ் நிற்கவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அண்ணன் வாங்கி வைத்திருக்கிறார். கடைப் போனில் பேசலாம்தான். ஆனால் கவுண்டரில் ஆள் நிற்க இதை எப்படிப் பேசுவது? வாய்க்கு வரவும் இல்லை. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

உன் அண்ணனின் காது உனக்குத் தெரியும். நான் சமையலறையில் தட்டை நகர்த்தினால், எந்தத் தட்டு என்று முன்னறையிலிருந்து சொல்வார். ஆரம்பத்தில் அது வேடிக்கையாக இருந்தது.

நடிகர் வாசலில் நின்று பேசினாரே, அந்தக் கீச்சுக் குரல்தான் அவருடைய சொந்தக் குரல். அவர் நடிக்கவில்லை. முதல் படத்திலிருந்தே அவருக்குப் பேசுவது வேறொருவர். வெளியே சொல்லக்கூடாது, குடும்பத்தில்கூடச் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். மனைவி என்பதால் என்னிடம் மறைக்க முடியவில்லை, அவ்வளவுதான். கரடியும் குரங்கும் உனக்குச் சொன்ன கதை. பூட்டு விளம்பரம் உட்பட எல்லாம் உன் அண்ணன்.

அந்த ஒலிப்பதிவில் இருப்பது ஊருக்குத் தெரிந்த குரல்தான். ஆனால் அது அந்த மனிதரின் தொண்டையிலிருந்து வந்ததில்லை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்தேன். ஒருவருக்குப் பிரேம் மாட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. திருகு நழுவிக் கீழே விழுந்துவிட்டது. கடை முதலாளியம்மா குனிந்து அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

நான் தப்பாக நினைத்திருந்தால் என்னை மன்னிக்காதே, நன்றாகத் திட்டு. நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் குரல் எனக்குப் படத்தில் கேட்டுத் தெரிந்ததில்லை. உன்னிடம் பேசுகிற உன் அண்ணனின் குரல் வேறு, சாதாரணமானது, கொஞ்சம் மூக்கில் பேசுவது. கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். இறங்கி அந்தக் குரலுக்குப் போய்விடுவார். ஊர் கைதட்டுகிற குரலில் எனக்கு வீட்டில் என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று இத்தனை வருஷத்தில் உன்னிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் டிவியை மெதுவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "பாவம், நல்ல மனுஷன்" என்கிறார். தொண்டை மிட்டாயை வாயில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்க்கிறார். முந்தாநாள், "உனக்கு யாரு குரல் மாதிரி தோணுது?" என்று கேட்டார். "எல்லாரும் சொல்றாங்களே, அவருதான்" என்றேன். "புத்திசாலி" என்று சிரித்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, குட்டி.

அண்ணி

*

மார்ச் 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. எப்படி உங்களுக்கு மனசு வந்தது? அண்ணன்தான் அந்தப் படங்களுக்குப் பேசுகிறார் என்பதே எனக்கு இடி. அதை விழுங்குவதற்குள் இதையும் சேர்த்து வாயில் திணிக்கிறீர்கள்.

அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். நர்சிங் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் மூக்கை நுழைத்தபோது, "என் தங்கச்சி படிப்பா" என்று ஒரே வார்த்தையில் வாயடைத்தவர். என்னிடம் ஒரு நாள் குரலை உயர்த்தியதில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உயர்த்தமாட்டார் என்று. இறக்கினாராம். குரலை இறக்கிப் பேசுவது ஒரு குற்றமா?

அவர் தொழிலே பேசுவதுதான். வில்லனைப் பார்த்து ஹீரோ மிரட்டுகிற மாதிரி ஆயிரம் வசனம் பேசியிருப்பார். ஒத்திகையில் பேசியதை எவனோ வெட்டி எடுத்து ஒட்டியிருந்தால்? அவரைப் பிடிக்காத எவனாவது மிமிக்ரி செய்திருந்தால்? இப்போது கம்ப்யூட்டரே எவர் குரலிலும் பேசுகிறதாம். குரல் மட்டும் ஒரு ஆதாரமா, அண்ணி? ஒரு மனுஷனை நாலு வரி சத்தத்தை வைத்துக்கொண்டு தீர்மானித்துவிடலாமா? அதுவும் கட்டியவளே?

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ மனஸ்தாபம் என்பது புரிகிறது. அதற்காக இவ்வளவு தூரம் போகாதீர்கள். வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர் தொழில் போகும், மானம் போகும், என் வேலையும் போகும். இங்கே என் பெயரைக் கேட்டாலே இப்போது அந்த நான்கு வரியைத்தான் சொல்கிறார்கள்.

இனிமேல் இந்த மாதிரி எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

குட்டி

பின்குறிப்பு: அந்த நான்கு வரியை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே.

*

மார்ச் 18

குட்டிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன், கோபித்துக்கொள். நாத்தனார் கோபம் எனக்குப் புதிதா?

உன் முதல் கடிதத்தையும் இரண்டாவது கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலாவதில் 'குரலே இருக்கிறது, இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்' என்கிறாய். இரண்டாவதில் 'குரல் மட்டும் ஒரு ஆதாரமா' என்கிறாய். உன்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இரண்டாவது குட்டி சொல்வதுதான் சரி. நானும் அந்தக் குட்டியின் கட்சிதான். ஆனால் அவள் முதல் நாளே அந்த நடிகருக்காகவும் இப்படிக் கேட்டிருக்கலாம். அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்துவிட்டார்கள். அவருடைய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஸ்டூடியோவில் உண்மை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் வாயில் கொழுக்கட்டை. அடுத்த படம் வெளியாகும் வரை அது யார் குரல் என்று மூச்சு விடக்கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். அந்த நடிகரும் அது யார் குரல் என்று சொல்லவில்லை. சிங்கக்குரல் என்ற பட்டத்தை விட மனசு வரவில்லையோ என்னவோ.

ஒத்திகை வசனமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தாய். நானும் அந்தக் கொம்பைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒலிப்பதிவு மைக்கில் எடுத்ததுதான். ரொம்பத் தெளிவாக இருக்கிறது. மூடிய ஒலிப்பதிவு அறை, யாரோ மைக்கை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். அப்படியானால் வசனம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் குட்டி, உன் அண்ணன் எப்போதும் தொண்டை மிட்டாய் வாயில் வைத்திருப்பார். கடிக்கமாட்டார், உருட்டுவார். பேசும்போது அது பல்லில் தட்டும். மைக் முன்னால் போவதற்கு முன் கட்டாயம் அதை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைப்பார். அந்தச் சின்னத் தட்டல்கூடப் பதிவாகிவிடும், ஒரு வசனம் முழுக்கப் பாழாகும் என்று எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். தொழிலில் அவ்வளவு சுத்தம். ஒத்திகை என்றாலும் எடுத்துவிடுவார்.

ஒலிப்பதிவில் 'உனக்கு நல்லது' என்பதற்கு முன்னால் அந்தத் தட்டல் இருக்கிறது. அவர் மைக்கில் பேசுவதாக நினைக்கவில்லை. வேலை முடிந்து, மைக் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பேசியிருக்கிறார்.

வீட்டில் எனக்கு அந்தத் தட்டல்தான் முதலில் கேட்கும். குரல் பிறகுதான் வரும்.

அந்தப் பெண் யாரென்று கேட்டிருந்தாய். நிச்சயமாகத் தெரியாது. ஆனால் புதிதாக டப்பிங் பழக வந்த ஒரு பெண்ணை மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேன் என்று இரண்டு தடவை வீட்டுக்கு அழைத்து வந்தார். கண்ணாடி போட்ட பெண். காம்பு தளர்ந்து மூக்கிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது, நான்தான் இறுக்கிக் கொடுத்தேன். போகும்போது, "அக்கா, நீங்க கடைக்கு எப்பல்லாம் போவீங்க?" என்று கேட்டாள். கண்ணாடி வாங்க வருவாளோ என்று நினைத்தேன். நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நான் சொல்வதை நம்பாதே. காதில் வைத்து ஒரே ஒரு தடவை நீயே கேள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒரு வரி எழுது. உன் காலில் விழுந்தாலும் விழுவேன், அவ்வளவு சந்தோஷப்படுவேன்.

அண்ணி

*

மார்ச் 24

அண்ணி,

முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, "அண்ணியை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பாதீங்க" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லாமலே வைத்துவிட்டேன். காரணம் இதுதான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் அறைக்குப் போகப் பிடிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்தும் நான் அந்த ஒலிப்பதிவைக் கேட்கவில்லை. போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். கேட்காத வரைக்கும் அண்ணன் அண்ணனாகவே இருப்பார் அல்லவா.

நேற்று டியூட்டி முடிந்து அறைக்குப் போனால், படிக்கட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். "இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே குட்டியைப் பார்த்துட்டுப் போலாம்னு" என்றார். எனக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். டீ போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் பேசினார். சாதாரணக் குரல், மூக்கில் பேசுவது.

உங்கள் கடிதங்களைச் சீருடைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். மடச்சி, கடை பெயர் போட்ட உறை ஒன்றில் டியூட்டி நேரத்தைக் குறித்து மேஜையிலேயே போட்டிருந்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடிக் கடையில இருந்து உனக்கு என்ன தபால்?"

"கண்ணாடி விலை கேட்டிருந்தேன்ணா. கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு."

"அடடா. தூரமா, கிட்டவா?"

"தூரம்."

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "எதிர்ல அந்தத் தையல் கடை போர்டு, கீழ சின்னதா என்ன எழுதியிருக்கு, படி."

நான் படித்தேன், அண்ணி. யோசிக்கவே இல்லை. 'பழைய துணிகள் திருத்தித் தரப்படும்' என்று பள்ளிப் பிள்ளை மாதிரி படித்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

"நல்லாத்தானே தெரியுது" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

முதலில் அந்தத் தட்டல். சின்னதாக, பல்லில். பிறகு அந்தக் குரல். "குட்டி. உன் அண்ணிக்கு மனசு சரியில்லை. எதையாவது எழுதுவா, நீ படிக்காதே. சொன்னதைக் கேட்டா உனக்கு நல்லது."

வார்டில் எத்தனை தடவை கேட்டுச் சபித்த குரல். என் அறையில், என் நாற்காலிக்குப் பக்கத்தில், நான் போட்ட டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பேசியது. நான் "சரிண்ணா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அந்தப் பெண்ணும் ஏதாவது இப்படித்தான் சொல்லியிருப்பாள். பிறகு அவர் மறுபடியும் பழைய அண்ணனாகி, என் தலையைத் தடவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

உங்களுக்கு ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். கேட்டது, அண்ணி. இது கோர்ட்டில் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகாதீர்கள்.

குட்டி

*

ஏப்ரல் 2

குட்டிக்கு,

முதலாளியம்மாவின் மாடியில் இருக்கிறேன். பழைய பிரேம் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார். அவர் இன்னும் காரணம் கேட்கவில்லை. "நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்லிவிட்டு, கீழ்க் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

நீ போன் செய்த மறுநாள் உன் அண்ணன் கடைக்கு வந்தார். நான் உள்ளே லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் முன்னால் இருந்தேன். கவுண்டரில் நின்று முதலாளியம்மாவிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார், "வீட்டுல சின்ன மனஸ்தாபம், வந்தா சொல்லுங்கம்மா" என்று. நான் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. லென்ஸ் தேய்ந்து தூளாகிவிட்டது, இன்னொன்றைப் போட்டேன். அது ஓடினால்தான் என் மூச்சு அவருக்குக் கேட்காது. அவர் போன பிறகும் எனக்கு அதை நிறுத்தத் தைரியம் வரவில்லை. முதலாளியம்மா வந்து நிறுத்தினார்.

அன்றைக்கே முதலாளியம்மாவோடு, இந்தப் புகாரை விசாரிக்கும் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். சின்ன அறை, இரண்டு மேஜை, ஒரு பெண் அதிகாரி. நான் கேட்டதைச் சொன்னேன். தட்டலைச் சொன்னேன். வீட்டில் நடந்ததையும் சொன்னேன், உன்னிடம் சொல்ல முடியாததையெல்லாம் முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் சொல்ல முடிந்தது. குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், "நீங்க சொல்றதை வச்சே அவரைக் குற்றவாளின்னு சொல்ல முடியாதும்மா, விசாரிப்போம்" என்றார். "அதைத்தான் கேட்டு வந்தேன்" என்றேன்.

பிறகு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று சொன்னார். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"அந்தப் பொண்ணு முதல் நாளே உங்க வீட்டுக்காரர் பேரைத்தான் சொன்னா. புகார்லயும் அதுதான் இருக்கு. நாங்கதான் நம்பலை."

எனக்குப் புரியவில்லை.

"ஊரே அந்த நடிகர்னு சொல்லுது. எல்லாருக்கும் தெரிஞ்ச குரல். இவ யாரோ ஒரு டப்பிங்காரர் பேரைச் சொல்றா. பெரிய ஆளுக்குப் பயந்துகிட்டு சின்ன ஆளைக் காட்டுறான்னு நினைச்சோம். உண்மையைச் சொல்லும்மா, பயப்படாதேன்னு திரும்பத் திரும்பக் கேட்டோம். கடைசியில அவ பேசுறதையே நிறுத்திட்டா."

அவள் தைரியமாக உண்மையைச் சொல்லியிருக்கிறாள், குட்டி. எல்லோரும் அவளுக்காகத்தான் கத்தினார்கள். அவள் சொன்னதை மட்டும் ஒருவரும் காதில் வாங்கவில்லை. உன் நான்கு வரியையும் அவளிடம் யாரோ காட்டியிருக்கிறார்கள், 'பார், ஊரே உன் பக்கம், தைரியமா அவர் பேரைச் சொல்லு' என்று. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நானும் "எல்லாரும் சொல்றாங்களே, அவருதான்" என்று சொன்னவள்தான்.

வெளியே வரும்போது அவளைப் பார்த்தேன். அம்மாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மறுபடியும் சரிந்திருந்தது. என்னிடம் கழற்றி நீட்டினாள். என் பையில் திருப்புளி எப்போதும் இருக்கும். இறுக்கிக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு, "இப்ப நம்புவாங்களா, அக்கா?" என்றாள்.

உன் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒத்திகை வசனம் என்று சொல்கிறாராம். அவர் சொல்வதையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். கோர்ட் சொல்கிற வரைக்கும் அவரைக் குற்றவாளி என்று நான் ஊரில் சொல்லித் திரியமாட்டேன். நீயும் எதுவும் எழுதி வெளியிடாதே. ஆனால் அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போகமாட்டேன். அது வேறு, இது வேறு.

அவர் வெளியே இருக்கிறார். எங்கே என்று தெரியாது. கதவைத் திறக்கும்போது பார்த்துத் திற.

அண்ணி

*

ஏப்ரல் 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் என் நான்கு வரியை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன்? யார் யார் போனிலோ இருக்கிறது. அவள் கண்ணில் பட்டாயிற்று. 

விஷயம் வெளியே வந்துவிட்டது. சிங்கக்குரல் வேறு ஆளாம், நடிகர் பாவமாம். டிவியில் அண்ணன் பெயர் வரவில்லை, 'ஒரு டப்பிங் கலைஞர்' என்று மட்டும் சொல்கிறார்கள். அவர் என் அண்ணன் என்று வார்டில் ஒருவருக்கும் தெரியாது. கடைசிக் கட்டில் தாத்தா, "எனக்கு அப்பவே சந்தேகம்தான், அந்தப் பையன் முகத்துலயே களங்கம் இல்லையே" என்றார். அடுத்த நிமிஷமே, "அந்த டப்பிங்காரனை நடுத்தெருவுல நிக்க வச்சுச் சுடணும். என்ன சிஸ்டர்?" என்றார்.

"விசாரிக்கட்டும், தாத்தா."

"போன மாசம் நீதானே பெருசா எழுதினே? இப்ப என்ன திடீர்னு நியாயஸ்தி ஆயிட்டே?"

 அவருடைய கையில் ஊசி ஏற்ற நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது விளம்பரம் வந்தது. நடிகர் நல்லவர் என்று ஆகிவிட்டதால் பூட்டுக் கம்பெனிக்காரர்கள் பழைய விளம்பரத்தை மறுபடியும் போட ஆரம்பித்துவிட்டார்கள். குரலை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. "பூட்டியாச்சா? இனிமே பயமில்லை. நான் இருக்கேன்."

தாத்தா கண்ணை மூடி ரசித்தார். "யாரா இருந்தா என்ன, குரல்னா குரல்" என்றார். என்னால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில் சிஸ்டரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, கழிவறைக்குப் போய் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணனிடமிருந்து போன் வருகிறது. எடுப்பதில்லை. எடுத்தால் எந்தக் குரல் பேசும் என்று தெரியாதே. அவர்தான் என்னை வளர்த்தார், அதுவும் பொய்யில்லை அண்ணி. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பெண் 'இப்ப நம்புவாங்களா' என்று கேட்டாளே. என் அறையில் நடந்ததை நானும் அந்த அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தையல் கடை போர்டைப் படித்ததிலிருந்து எல்லாவற்றையும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் உங்கள் கடைக்கு வந்துவிடுவேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைக் கூட்டிப் போக முதலாளியம்மாவை அனுப்புங்கள். நீங்கள் வெளியே வரவேண்டாம்.

இன்றைக்கு அறைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கதவைப் பூட்டினேன். உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் திறந்து வைத்துவிட்டேன். கத்தினால் வெளியில் கேட்கட்டும் என்று, பக்கத்து அறைக்காரியையும் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள், காற்றுக்கு என்றேன். திறந்த கதவுக்கு நேராக உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

குட்டி